ஒன்றரை அங்குலச் செருப்பு

என் மனைவியின் இடது கால் வலது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. பிறவியில் அப்படி இல்லை. போன வருஷ ஆடி மழையில் முதுகில் கொழுந்து மூட்டையோடு கானுக்குள் விழுந்தாள். கான் என்பது தேயிலைச் சரிவில் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வெட்டி வைத்திருக்கும் பள்ளம். எங்கள் அப்பா அம்மா இலங்கைத் தோட்டங்களிலிருந்து பந்தலூருக்குக் கொண்டுவந்த சொற்களில் அதுவும் ஒன்று. தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடியது. ஆனால் கூடிய லட்சணத்தில் கால் குட்டையாகிவிட்டது.

நான் அதே தோட்டத்து ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். ஓய்வு பெற்ற அன்றே லயத்து வீடு அவள் பெயருக்கு மாறியது. வீடு என்று பெருமையாகச் சொல்கிறேன். வரிசை வீடுகளில் ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் தகரம் போட்ட ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்து வேலையில் இருந்தால் அங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். இலங்கையில் நான் பிறந்த வருஷம் தவிர மற்ற எல்லா வருஷமும் அந்தத் தகரத்தில் பெய்த மழையைக் கேட்டவன் நான்.

அவளுடைய மெடிக்கல் லீவு முடிவதற்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. வரப்போகும் திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்துக்கு வர வேண்டும். அதிகாரி முன்னால் சரிவில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். பெரட்டுக் களம் என்றால் காலையில் எல்லாரும் கூடி, பெயர் கொடுத்து, வேலைக்குப் பிரிந்து போகிற இடம். ஏறி இறங்க முடிந்தால் அவளுக்கு மறுபடியும் கொழுந்து மலை. முடியாவிட்டால் அன்ஃபிட். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பெயர் போகும், பெயரோடு வீடும் போகும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஓர் உயரச் செருப்பு கொடுத்திருந்தார்கள். இடது செருப்பின் அடியில் பஞ்சு மாதிரி ஒரு ரப்பரை ஒட்டி உயர்த்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்க அது போதும். எங்கள் ஊர் மழையில் ஒரே மாதத்தில் ஊறி, உப்பி, பிய்ந்து போயிற்று. இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி கோயம்புத்தூர் போய் அளவு கொடுத்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பஜாரில் செருப்பு தைக்கிறவரிடம் கேட்டேன். தோல் வாங்கிக்கொடுத்தால் கையாலேயே குத்தித் தருகிறேன், நாலு நாள் ஆகும் என்றார்.

அங்கேயே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் வீட்டுத் தாழ்வாரத்தில் தோல் தைக்கிற மிஷின் நிற்கும்போது நான் எதற்கு இன்னொருவன் கையைப் பார்க்க வேண்டும் என்ற திமிர். கூடலூரில் ஒரு ஷூக்கடைக்காரர் கடையை மூடிக்கொண்டு மகனோடு வெளியூர் போனபோது அவரிடமிருந்து வாங்கியது. நாலு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும், அத்தனை இரும்பு. அதில் ஒரு வருஷமாக ஜீப்புகளுக்கு ரெக்ஸின் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தேன். கெட்டித் தோலை அதுவரை அதன் வாயில் வைத்ததே இல்லை.

கூடலூர் போய் எருமைத் தோல் ஒரு துண்டு வாங்கி வந்தேன். தோல் கடைக்காரரின் குடோனிலேயே ஈரம் ஏறிக் கிடந்த தோல். ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. துடைத்து, அவள் காலை ஒரு அட்டையில் வைத்து அளவெடுத்து, மேல்வார் இரண்டு, குதிகால் பட்டை ஒன்று, அடித்தோல் மூன்று அடுக்கு என்று வெட்டினேன். மறுநாள் மிஷினில் உட்கார்ந்தேன். மேலே பார்த்தால் தையல் அழகாக இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் நூல் சுருள் சுருளாகத் தொங்கியது. நடுநடுவே ஒரு தையல், இரண்டு தையல் விழாமல் தாண்டிப் போயிருந்தது.

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஈரம்தான் முதல் சந்தேகம். பச்சைக் கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகி மூட்டை ஏறுவது வரைக்கும் எங்கள் பாடெல்லாம் ஈரத்தை விரட்டுவதுதான். தூளை விரலில் நசுக்கிப் பார்த்து ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். தவிர, மழைக் காலத்தில் லயத்து ஜனங்கள் கம்பளி, பள்ளிக்கூட யூனிஃபார்ம், கல்யாணப் புடவை என்று எது காயாவிட்டாலும் ஃபேக்டரிக்குத்தான் கொடுத்தனுப்புவார்கள். டிரையர் பக்கத்தில் கம்பியில் போட்டால் சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று வந்துவிடும். இது எங்கள் ஊர் வழக்கம், யாரும் அதிசயமாக நினைக்க மாட்டார்கள். தோல் ஈரத்தில் ஊசியைப் பிடிக்கிறது, அதனால்தான் தையல் தாண்டுகிறது என்று முடிவுகட்டி, வெட்டிய துண்டுகளை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டினேன்.

அவள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, தோலு என்ன தேயிலையாங்க? அத எதுக்கு ஃபேக்டரிக்குத் தூக்கிட்டுப் போறீங்க?"

அவள் கேலியாகத்தான் கேட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வெங்காயம் உரிக்கிறவள் வெங்காயத்தைப் பார், மிஷின் வேலையை நான் பார்க்கிறேன் என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

தோல் இரண்டு நாள் டிரையர் ஓரத்தில் தொங்கியது. பழைய கூட்டாளிகள் நல்ல இடமாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். திரும்ப வாங்கும்போது தட்டினால் பலகை மாதிரி சத்தம் வந்தது. விரலில் நசுக்கிப் பார்த்தேன், ஈரம் என்ற பேச்சே இல்லை. எனக்கு அப்போது இருந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. தோலை என் கையாலேயே சரி செய்துவிட்டேன், இனி தப்பு இருந்தால் அது மிஷினில்தான் இருக்க முடியும் என்று மனசுக்குள் ஆணி அடித்த மாதிரி எழுதிக்கொண்டேன். அந்த ஒரு நினைப்பு ஒரு வாரத்தைத் தின்றது.

காய்ந்த தோலை மிஷினில் வைத்ததும் நிலைமை முன்னைவிட மோசமாயிற்று. முதலில் நூல் அறுந்தது. மேல்நூல் டென்ஷனைத் தளர்த்தினேன், அடியில் சுருள் தொங்கியது. இறுக்கினேன், மறுபடி அறுந்தது. பாபின் கேஸின் திருகைக் கால் சுற்றுத் திருப்பிப் பார்த்தேன், அரைச் சுற்றுத் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் தடித்த நூலுக்கு ரெக்ஸின் ஊசியையே போட்டிருக்கிறேன் என்பது உறைத்தது. ஊசிக் காது சின்னதாக இருந்தால் நூல் உரசி உரசிப் பிசிறாகாமல் என்ன செய்யும். மிஷினை விற்ற ஷூக்கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன். பொறுமையான மனிதர். துணி தைக்கிற ஊசிக்கு முனை உருண்டையாக இருக்கும், தோலுக்கு முனை உளி மாதிரி வெட்டிக்கொண்டு போக வேண்டும், முதலில் ஊசியை மாற்றுங்கள் என்றார்.

ஊசிக்காக மறுபடி கூடலூர். போகும்போது சாலையில் யானை நின்றது என்று ஒரு மணி நேரம் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வரும்போது மழை. புது ஊசி போட்டபின் நூல் அறுவது நின்றது. தையல் தாண்டுவது நிற்கவில்லை. ஐந்து தையல் ஒழுங்காக விழும், ஆறாவது விழாது. அப்புறம் மூன்று விழும், இரண்டு விழாது. நான் ஃபிட்டர் புத்தியோடு உள்ளே இறங்கினேன். ஊசி கீழே போய் லேசாக மேலே வரும்போது நூல் ஒரு சின்ன வளையம் விடும். அடியில் சுழலும் ஷட்டிலின் கொக்கி சரியாக அந்த நேரத்துக்கு வந்து வளையத்தைப் பிடிக்க வேண்டும். கொக்கி நேரம் தவறி வருகிறது என்று நினைத்து ஷட்டிலைக் கழற்றினேன். சரியாக இருந்ததைக் கழற்றினேன் என்று பிற்பாடுதான் தெரிந்தது. மாட்டியபின் ஒரு தையல்கூட விழவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. அந்தத் திங்கட்கிழமை வர இன்னும் ஒன்பது நாள். செல்போனில் யாரோ ஒருத்தர் வேறு பாஷையில் பேசிக்கொண்டே இதே மாதிரி மிஷினைப் பிரித்து மாட்டும் வீடியோவை இருபது முப்பது தடவை பார்த்தேன். பாஷை புரியாவிட்டாலும் கை புரிந்தது. மூன்று நாள் அதற்குப் போயிற்று. ஊசி உயரம், கொக்கி இடைவெளி, தோலை அமுக்கும் ஃபுட்டின் அழுத்தம் என்று ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். தோலில் தைத்தேன். முன்பு போலவே ஐந்து விழுந்தது, ஆறாவது விழவில்லை. ஒரு ஊசி உடைந்து முனை என் கட்டைவிரலில் ஏறியது. ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

அந்த நாட்களில் அவள் காலையும் சாயங்காலமும் லயத்து முன்னால் நடந்து பழகிக்கொண்டிருந்தாள். இடது காலில் பழைய செருப்பு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். பைப்படி வரைக்கும் போவாள், திரும்புவாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் தூரம் போனாள். சமையலைக் குறைத்துக்கொண்டு நடந்தாள். என் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் நிற்பாள். சத்தம் நின்றால் மறுபடி நடப்பாள். இன்றைக்கு என்னாச்சு என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சத்தம் போட்டாவது ஆறியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், தைத்துப் பார்க்க வேஸ்ட் துண்டும் தீர்ந்துபோய், என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதன் நுனியை மிஷினுக்குள் வைத்தேன். பத்து வருஷம் என் வியர்வையில் ஊறிய பெல்ட், நல்ல கெட்டித் தோல். மிஷின் கடகடவென்று ஓடியது. ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தையல்கூடத் தாண்டவில்லை. மேலும் கீழும் ஒரே மாதிரி, அச்சடித்த தையல். நான் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. அநேகமாகச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே இல்லை.

அவள் வாசலிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். செருப்புக்கு வெட்டிய குதிகால் பட்டையை எடுத்து லேசாக வளைத்தாள். நான் தைத்திருந்த ஊசித் துளை வரிசையோடு அது இரண்டாகக் கிழிந்தது. நோட்டுப் புத்தகத்தில் தாள் கிழிப்பது போல, அவ்வளவு சுலபமாக. வறண்ட தோல் ஊசியைக் கவ்விக்கொண்டு அதனுடனேயே மேலே எழும்புகிறது, அதனால் நூல் வளையம் விடுவதில்லை. விட்ட இடத்திலும் தோலுக்கு நூலைத் தாங்கும் உயிர் இல்லை. முதல் நாள் தையல் தாண்டியது ரெக்ஸின் ஊசியால்தான். தோலுக்கு என்று ஒரு ஈரம் வேண்டும். அதை நான்தான் டிரையரில் வைத்து எடுத்துவிட்டிருக்கிறேன்.

"நான் அன்னைக்கே சொன்னேனுங்க" என்று அவள் சொல்லியிருக்கலாம். கிழிந்த துண்டுகள் இரண்டையும் மிஷின் மேலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை விடியக்காலம் தோல் வாங்கக் கிளம்பினேன். இரவு பெய்த மழையில் மண் சரிந்து கூடலூர் ரோட்டில் விழுந்து கிடந்தது. திங்கட்கிழமைக்குள் வண்டி ஓடாது என்றார்கள். பஜாரில் செருப்பு தைக்கிறவரிடம் தோல் இருக்குமா என்று ஓடினேன். அவர் ஒரு சாவுக்காக ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்து காய்ந்த தோலில் தண்ணீர் தடவினேன், வேப்பெண்ணெய் தடவினேன், ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். தோல் கறுத்ததே தவிர இளகவில்லை. கிழிந்த பட்டைக்கு மூட்டை கட்டும் படங்குத் துணியைப் பின்னால் கொடுத்து, தையலைத் தள்ளித் தள்ளிப் போட்டு, மூன்று அடுக்கையும் பசை வைத்து ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை ஒரு செருப்பை முடித்தேன். பார்க்கச் செருப்பு மாதிரிதான் இருந்தது. வீட்டுக்குள் நாலு முறை நடந்து காட்டினாள். உயரம் சரியாக இருக்கிறது என்றாள். முழுப் பொய் இல்லை, உயரம் சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மழை வெறித்திருந்தது. களத்தில் அவளோடு கொழுந்தெடுத்த பெண்கள் எல்லாரும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றார்கள். வந்த அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். கோப்பைப் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். அதோ அந்தச் சவுக்கு மரம் வரைக்கும் ஏறிவிட்டு வந்தால் போதும் அக்கா, அவசரமில்லை, மெதுவாகப் போங்கள் என்றார். அறுபது எழுபது அடி தூரம் இருக்கும். செங்குத்துச் சரிவு, மழையில் ஊறிய செம்மண்.

அவள் ஏறினாள். தேயிலைச் செடியைப் பிடிக்காமல் ஏறினாள். மரத்தைத் தொட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. நானும் சிரித்தேன். ஏறுவதில் கால் தோலை மிதிக்கும். இறங்குவதில்தான் தோலை இழுக்கும். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

பாதிச் சரிவில் குதிகால் பட்டை பிய்ந்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கால் முன்னால் வந்தது, செருப்பு பின்னால் மண்ணிலேயே நின்றது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து செடியைப் பிடித்துக்கொண்டாள். பெண்களில் இரண்டு பேர் ஓட, அவள் கையைக் காட்டி வேண்டாம் என்றாள். ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக, செடிக்குச் செடி பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு கீழே போய் மேலே வர, களம் வரைக்கும் இறங்கி வந்தாள். நான் மேலே போய் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அதிகாரிக்கு எழுதக் கை வரவில்லை. பேனாவை மூடினார், திறந்தார். செருப்புதானே அறுந்தது, வேறு செருப்புப் போட்டு இன்னொரு நாள் காட்டட்டும் என்று நான் கெஞ்சினேன். தேதி மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எழுதிக்குங்க சார். நீங்க எழுதாட்டி வேற ஒருத்தரு வந்து எழுதுவாரு."

வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. நல்ல செருப்பே இருந்திருந்தாலும் முதுகில் மூட்டையோடு நாளெல்லாம் மலையில் நிற்க இந்தக் காலால் முடியாது, ஒரு மாசம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான் என்றாள். அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மை என்றால் நான் அடித்துக்கொண்டதெல்லாம் வீண். பொய் என்றால் வீட்டைப் பிடுங்கியது என் கை. இரண்டில் எதை நம்பினாலும் தூக்கம் வருவதில்லை.

காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த வாரத்தில் ரோடு திறந்தது. கூடலூர் போய் நல்ல தோலாகப் பார்த்து வாங்கினேன். அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்து தைத்தேன். எதையும் காயப்போடவில்லை, எந்தத் திருகையும் தொடவில்லை. வார், பட்டை, மூன்றடுக்கு அடித்தோல் எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தன. ஒரு தையல் தாண்டவில்லை, ஒரு முறை நூல் அறவில்லை. டீ குடிக்கிற நேரத்துக்கு அவள் காலில் மாட்டிவிட்டேன். நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னாலேயே அழுதேன்.

சாமான் ஏற்ற ஜீப் ரோட்டில் நின்றது. லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் பாதை அந்தச் சரிவைவிட மோசம், பாதி இடத்தில் படியே கிடையாது. திருப்பூரில் மகனும் மருமகளும் இருக்கும் ஒற்றை அறைக்குத்தான் போகிறோம். அவள் தலையில் ஒரு பாத்திர மூட்டையை வைத்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், ஒரே சீராக இறங்கினாள். இடுப்பு சாயவில்லை. வழியனுப்ப வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் வாய்விட்டே சொன்னாள்:

"அக்கா எம்புட்டு நல்லா நடக்குறாங்க. இவுங்களயா முடியாதுன்னு எழுதுனாங்க?"

மிஷினின் ஒரு பக்கத்தை நான் பிடித்திருந்தேன். தூக்கி வந்த மற்ற மூன்று பேரும் அதைக் கேட்டு நின்றுவிட்டார்கள். நடங்கப்பா, கனக்குது என்றேன்.